அறிதிறன் சோதனைகளில் மொழிச்சார்பு

அறிதிறன் சோதனைகளில் மொழிச்சார்பு என்பது, ஒருவருடைய நினைவாற்றல், கவனம், பகுத்தறியும் திறன் முதலியவற்றை அளப்பதற்காக அமைக்கப்பட்ட சோதனை, அவற்றுடன் அவருடைய மொழிப் பழக்கத்தையும் சேர்த்து அளந்து, இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் காட்டிவிடும் நிலையைக் குறிக்கும். இரு மொழிகளைப் புழங்குவோரிடம் இச்சிக்கல் மிகுதியாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் சீனமும் எசுப்பானியமும் பேசும் குடும்பங்களின் குழந்தைகள் தொடர்பாக இது முதலில் நீதிமன்றம் வரை சென்றது. இந்தியாவில், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கன்னியாகுமரி மாவட்டம் போன்ற எல்லைப் பகுதிகளில் இதே சிக்கல் வேறொரு வடிவில் உள்ளது.

இச்சோதனைகளின் மதிப்பெண் வெறும் எண்ணாக நின்றுவிடுவதில்லை. ஒரு குழந்தை எந்த வகுப்பில் படிக்கும், ஒரு முதியவருக்கு டிமென்சியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக எழுதப்படுமா, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா என்பன போன்ற முடிவுகள் அதனைச் சார்ந்துள்ளன.

சார்பு தோன்றும் இடங்கள்

மொழிபெயர்ப்புப் பிழை சார்பின் ஒரு வகை மட்டுமே. சொற்கள் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட பின்னும் சார்பு எஞ்சி நிற்கக்கூடும். ஒரு வினா மூல மொழியில் எளிதாகவும் மற்றொரு மொழியில் கடினமாகவும் இருக்கலாம். வினா ஒன்றாகவே இருந்தாலும், விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் சராசரி அளவு வேறொரு மக்கள் கூட்டத்தில் இருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சில வேளைகளில், அளக்கப்படும் திறனே ஒரு பண்பாட்டில் பள்ளிக்கூடத்தால் உருவாவதாகவும் பள்ளி செல்லாதவரிடம் அவ்வடிவில் இல்லாததாகவும் இருக்கும்.

தமிழில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடைவெளி பெரிது. "பின்வரும் சொற்களைக் கேட்டு அவற்றை நினைவிற்கொள்க" என்று தாளில் உள்ள கட்டளையை அப்படியே படித்தால், பள்ளி செல்லாத முதியவர் தம்மிடம் கேட்கப்படுவது இன்னதென்றே அறியாமல் போகலாம். அவர் விடை சொல்லாதிருப்பது நினைவுக் குறைவாகப் பதிவாகும்.

வரலாறு

1905 ஆம் ஆண்டு பிரான்சில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். பள்ளிப் படிப்பில் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளில் அது அமெரிக்காவுக்குச் சென்றது. நியூயார்க்கின் எல்லிசு தீவில் வந்திறங்கிய குடியேறிகளிடம் 1913 ஆம் ஆண்டளவில் என்றி கோடார்டு மொழிபெயர்ப்பாளர்களின் துணையுடன் அதனை நடத்தி, அவர்களுள் மிகப் பலர் மூளைத்திறன் குன்றியவர்கள் என்று முடிவு கட்டினார். நெடுங்கடல் பயணம் முடித்து, அறியாத நாட்டில், அறியாத மொழியில் வினவப்பட்டவர்களின் விடைகள் அவை. 1917 இல் அமெரிக்கப் படை, ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் 'பீட்டா' என்ற படச்சோதனையைத் தனியாக அமைத்தது. மொழி ஒரு தடை என்பதை அச்செயலே ஒப்புக்கொண்டது எனலாம்.

வேல்சில் 1923 இல் டி. ஜே. சேர் வெளியிட்ட ஆய்வு, வேல்சு மொழியும் ஆங்கிலமும் பேசும் ஊர்ப்புறக் குழந்தைகள் ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றதாகக் கூறியது. நகர்ப்புறக் குழந்தைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் 'இருமொழி குழந்தையைக் குழப்பும்' என்ற கருத்து அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வேரூன்றிவிட்டது. 1962 இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் எலிசபெத் பீலும் வாலசு லாம்பெர்ட்டும், ஒத்த பொருளாதாரப் பின்னணி உள்ள பத்து வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த குழந்தைகளே கூடுதலாக மதிப்பெண் பெற்றனர். இரு மொழியிலும் சம வல்லமை உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது அவ்வாய்வின் குறை என்று பின்னர் சுட்டப்பட்டது. என்றாலும், முந்தைய ஆய்வுகள் வறுமையையும் ஊர்ப்புறச் சூழலையும் இருமொழியின் கணக்கில் எழுதிவிட்டன என்பது அதன்பின் தெளிவாயிற்று.

கலிபோர்னியாவில் எசுப்பானியம் பேசும் ஒன்பது குழந்தைகள், ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனையை அடிப்படையாகக் கொண்டு மூளைத்திறன் குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் மொழியில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் அவ்வகுப்புக்குரிய எல்லையைத் தாண்டியது. 'டயானா' வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் 1970 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அத்தகைய வகுப்புகளில் ஏற்கனவே இருந்த மெக்சிகோ வழிக் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் அவர்களின் முதல் மொழியில் மறுசோதனை செய்ய வேண்டியதாயிற்று. 1974 இல் சான் பிரான்சிசுகோவின் சீன மாணவர்கள் தொடர்பான 'லாவ்' வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடத்துவது சமவாய்ப்பு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில்

இந்தியாவில் பினே சோதனையைத் தழுவும் முயற்சி விடுதலைக்கு முன்பே தொடங்கியது. லாகூரில் பணியாற்றிய சி. எர்பர்ட் ரைசு இந்துசுத்தானியில் ஒரு தழுவலை உருவாக்கினார். வி. வி. காமத் 1930களில் கன்னடத்திலும் மராத்தியிலும் உருவாக்கிய பினே–காமத் சோதனை பின்னர் பல மொழிகளுக்குச் சென்றது. சி. எம். பாட்டியா 1955 இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதி வேறு வழியில் சென்றது. கட்டைகளை அடுக்குதல், வடிவம் வரைதல், படத்துண்டுகளைப் பொருத்துதல் போன்ற ஐந்து பகுதிகளைக் கொண்ட அது எழுத்தறியாதவருக்கும் பயன்படுமாறு அமைக்கப்பட்டது. நாக்பூரில் ஆர்தர் மாலின் உருவாக்கிய, இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவை வெக்சிலர் சோதனையின் தழுவல் ஆகும்.

மொழி வேண்டாத சோதனை என்றால் சார்பும் இராது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இது ஓரளவே சரி. பென்சிலைப் பிடித்துப் பழகாத கைக்கு முக்கோணம் வரைவதும் கடினமே. தாளில் உள்ள தட்டையான கோட்டோவியத்தைக் கனவடிவாகக் காண்பதும் பழக்கத்தால் வருவதாகும்.

எண்வரிசை நினைவு

சோதகர் சில எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கேட்பவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்வது எண்வரிசைச் சோதனை. எண் எந்த மொழியிலும் எண்தானே என்ற எண்ணத்தால் இது மொழிச்சார்பு அற்றதாக நெடுங்காலம் கருதப்பட்டது.

ஆனால் குறுநினைவில் சொற்கள் ஒலியாகவே தங்குகின்றன. ஆலன் பேட்லியும் உடனாய்வாளர்களும் 1975 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் உச்சரிக்கக்கூடிய அளவு சொற்களையே நினைவில் வைத்திருக்க இயலும். ஆகவே எண்ணுப்பெயர் நீண்டிருந்தால் நினைவில் நிற்கும் எண்கள் குறையும். வேல்சு மொழியின் எண்ணுப்பெயர்கள் ஆங்கிலத்தைவிட உச்சரிக்க அதிக நேரம் எடுப்பதால், அம்மொழியில் சோதிக்கப்படும் குழந்தைகளின் மதிப்பெண் குறைகிறது என்று எல்லிசும் என்னெல்லியும் 1980 இல் காட்டினர். சீனத்தில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா எண்ணுப்பெயர்களும் ஓரசைச் சொற்கள். சீனம் பேசுவோர் எண்வரிசையில் உயர்ந்த மதிப்பெண் பெறுவதையும், அதே ஆள் ஆங்கிலத்தில் சோதிக்கப்படும்போது மதிப்பெண் இறங்குவதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஒரே ஆள், ஒரே மூளை, வேறு மொழி என்ற அளவிலேயே மதிப்பெண் மாறுகிறது.

தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று பேச்சு வடிவில் சுருக்கிச் சொன்னாலும், உயிரொலிகளை எண்ணிப் பார்த்தால் ஓர் எண்ணுப்பெயரும் இரண்டுக்குக் குறையாது. ஒன்பதுக்கு மூன்று. மலையாளத்திலும் இதே நிலைதான். ஏழு எண்களைக் கொண்ட வரிசைக்குச் சீனத்தில் ஏழு அசை போதும். தமிழில் குறைந்தது பதினான்கு வேண்டும். ஆங்கிலம் அல்லது சீனம் பேசுவோரிடம் எடுத்த சராசரியைத் தமிழருக்குப் பொருத்தினால், குறைபாடு இல்லாத இடத்தில் குறைபாடு தென்படும். தொலைபேசி எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்லும் வழக்கம் தமிழரிடையே பெருகியிருப்பதால், ஒருவர் எண்களை எம்மொழியில் பழகியுள்ளார் என்பதையும் சோதகர் முதலில் கேட்டறிய வேண்டியுள்ளது.

எழுத்தும் ஒலியும்

ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியும் என்று பார்ப்பது சொற்சரளச் சோதனையின் ஒரு வகை. மூளையின் முன்மடல் செயற்பாட்டை அறிய இது பயன்படுகிறது. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எசு ஆகிய எழுத்துகள் வழக்கமாகக் கேட்கப்படும். தென்னிந்திய மொழிகளில் 'ப' போன்ற அசையெழுத்து கேட்கப்படுகிறது.

இங்கேதான் தமிழும் மலையாளமும் பிரிகின்றன. தமிழ் எழுத்தில் பயம், பாஷை, பக்தி, பலன், பந்தம் ஆகிய எல்லாம் 'ப' வரிசைச் சொற்களே. மலையாள எழுத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. பாம்பு, பசு, பனை போன்ற சொற்களே அங்கு 'ப' ஆகும். தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு இச்சோதனையில் திறந்திருக்கும் சொற்களஞ்சியம், மலையாளப் பள்ளியில் படித்தவருக்குத் திறந்திருப்பதைவிடப் பெரிது. இருவரும் வீட்டில் ஒரே பேச்சைப் பேசும் அண்ணன் தம்பிகளாகவே இருக்கலாம். மதிப்பெண் வேறுபடும்.

பள்ளி செல்லாதவரின் நிலை இன்னும் கடினம். சொல்லைத் தனி ஒலிகளாகப் பிரித்து உணரும் திறன் எழுத்துப் பயிற்சி இல்லாமல் தானாக வளர்வதில்லை என்பதைப் போர்த்துகல் நாட்டில் எழுத்தறியாதவரிடம் மொரையிசு முதலியோர் செய்து 1979 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவரிடம் 'ப எழுத்தில் தொடங்கும் சொல்' என்று கேட்பது, தம்மிடம் இல்லாத ஒரு கருவியைக் கொண்டு வேலை செய்யச் சொல்வது போன்றது. இதனால் பல இடங்களில் 'விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள்' என்ற பொருள்வகைச் சரளம் அவர்களுக்குப் பொருத்தமானதாகக் கருதப்படுகிறது. அதிலும் இருமொழியாளர் ஒரு மொழியில் மட்டும் விடை சொல்லுமாறு கட்டுப்படுத்தப்பட்டால் எண்ணிக்கை குறையும். நாவில் வரும் சொல் மற்ற மொழிக்குரியதென்று உணர்ந்து அதனை அடக்கிவிட்டு வேறொன்றைத் தேட நேரம் செல்கிறது. எம்மொழியில் சொன்னாலும் பொருளைக் கணக்கிட்டு மதிப்பெண் அளிக்கும் முறை இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டுள்ளது. இருமொழிக் குழந்தைகளின் சொல்வளத்தை அளக்க பார்பரா பியர்சனும் உடனாய்வாளர்களும் 1993 இல் இம்முறையைக் கையாண்டனர்.

மறதிநோய்ச் சோதனைகள்

1975 இல் மார்சல் ஃபோல்சுடீன் முதலியோர் வெளியிட்ட சிறு உளநிலைச் சோதனை, 30 மதிப்பெண் கொண்டது. சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் உலகெங்கும் பரவியது. 24 க்குக் கீழ் பெறுவோருக்கு மறதிநோய் இருக்கலாம் என்பது வழக்கமான எல்லை. இதன் வினாக்களுள் பல அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் தடம் பதிந்தவை. 'உலகம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். தமிழில் 'உலகம்' என்பதைப் பின்னிருந்து சொன்னால் 'ம்' முதலில் வரும். மெய்யெழுத்தில் தொடங்கி உச்சரிப்பது தமிழ் நாவுக்கு இயல்பன்று. 'கம்' என்பதை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்ற ஐயமும் எழும். இணைப்புச் சொற்களை மட்டும் அடுக்கிய ஓர் ஆங்கிலத் தொடரைத் திருப்பிச் சொல்வது இன்னொரு வினா. அதன் கடினம் முழுவதும் ஆங்கில ஒலியமைப்பில் உள்ளது. மொழிபெயர்த்தால் பொருளற்றதாகிறது, அல்லது மிக எளிதாகிவிடுகிறது.

அரியானாவின் பல்லப்கரில், பெரும்பாலோர் எழுத்தறியாத ஊர்ப்புற முதியவர்களிடையே பணியாற்றிய மேரி கங்குலி முதலியோர் 1995 இல் வெளியிட்ட இந்தி உளநிலைச் சோதனை, இவற்றை மொழிபெயர்க்காமல் மாற்றியமைத்தது. எழுத்துகளைப் பின்னிருந்து சொல்வதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லுதல். எழுதப்பட்ட கட்டளையைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாகச் சோதகர் செய்வதைப் பார்த்துச் செய்தல். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுதல். வினா மாறியது, அளக்கப்படும் திறன் பெரும்பாலும் மாறவில்லை. பின்வந்த இந்திய ஆய்வுகள் பலவற்றுக்கும் இது முன்மாதிரியாயிற்று.

கல்வியின் செல்வாக்குக்குச் சீனாவின் சாங்காய் நகரம் தெளிவான சான்று. 1987 இல் அங்கு 5,055 முதியவர்களிடம் நடத்தப்பட்ட மறதிநோய்க் கணக்கெடுப்பில் ஒரே எல்லை மதிப்பெண்ணைப் பயன்படுத்த இயலவில்லை. பள்ளி செல்லாதவருக்கு 17, தொடக்கக் கல்வி பெற்றவருக்கு 20, அதற்கு மேல் படித்தவருக்கு 24 என்று மூன்று எல்லைகள் வகுக்கப்பட்டன. வழக்கமான 24 ஐ எல்லோருக்கும் வைத்திருந்தால், பள்ளி செல்லாத மூதாட்டியர் மிகப் பலர் நோயாளிகளாகப் பதிவாகியிருப்பர். சிங்கப்பூரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்நாட்டில் 1979 முதல் மாண்டரின் சீனம் பரப்பப்பட்டது. முதிய சீனர் பலருக்கு வீட்டுமொழி ஒக்கியென், தியோச்சு, கண்டோனியம் போன்றவையே. 'சீன மொழிச் சோதனை' என்ற பெயரில் மாண்டரினில் வினவுவது அவர்களுக்குப் பள்ளியில் கற்ற, அல்லது கற்காத, மொழியில் வினவுவதாகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. முதலிரண்டு வட்டங்களே நாஞ்சில் நாடு என வழங்கப்படும் பகுதி. அங்கு தமிழே பெருவழக்கு. மேற்கே செல்லச் செல்ல மலையாளக் கலப்பு கூடும். எல்லையோரத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் மலையாளவழிப் பள்ளிகளும் உள்ளன.

இணைப்புக்கு முன் பள்ளியில் சேர்ந்தவர்கள் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். மறதிநோய்ச் சோதனை தேவைப்படும் வயதும் இதுவே. அவர்களுள் மேற்கு வட்டங்களைச் சேர்ந்த பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் எழுதப் படித்தவர்கள். பெருக்கல் வாய்பாடும் கழித்தலும் பள்ளி மொழியிலேயே மனத்தில் தங்குவது பொது இயல்பு. எனவே 'நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்' என்ற வினாவுக்கு அவர்கள் மலையாளத்தில் விரைவாகவும், தமிழில் தயங்கியும் விடையளிக்கக்கூடும். நாள், மாதம், ஆண்டு வினாக்களிலும் இது நேரும். கொல்லம் ஆண்டைக் கணக்கிட்டுப் பழகிய முதியவர் அதன்படி விடை சொன்னால், கிழக்கிலிருந்து வந்த சோதகருக்கு அது பிதற்றலாகத் தோன்றலாம். 'இது என்ன பருவம்?' என்று கேட்டால் கோடை, குளிர் என்ற விடை எதிர்பார்க்கப்படுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தின் உழவர் 'கன்னிப்பூ' அல்லது 'கும்பப்பூ' என்று நெற்சாகுபடிப் பருவத்தைச் சொல்வது மிகச் சரியான விடை. விடைத்தாளில் அதற்கு இடம் இராது.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனையில் வட்டார வழக்கு இன்னும் நேரடியாகக் குறுக்கிடுகிறது. பலாவைக் குமரி மாவட்டத்தில் 'சக்கை' என்பர். பிற மாவட்டங்களில் சக்கை என்றால் சாறு பிழிந்த பின் எஞ்சும் கழிவு. குடிநீரை 'வெள்ளம்' என்பது மேற்குப் பகுதி வழக்கு. பிறருக்கு அது ஆற்றுப் பெருக்கு. பூனையைப் 'பூச்சை' என்று சொன்னால் 'பூச்சி' என்று காதில் விழும். மரவள்ளி இங்கு 'மரச்சீனி', முந்திரி 'கொல்லாம்பழம்', நேந்திரன் 'ஏத்தன்'. தவறான பெயர் சொல்லுதல் மூளைப் பாதிப்பின் அறிகுறிகளுள் ஒன்று என்பதால், இவ்வழக்குகளை அறியாத சோதகர் நலமான ஒருவரிடம் நோயின் அறிகுறியைப் பதிவு செய்துவிடக்கூடும். நினைவுக்கே இம்மாவட்டத்தில் 'ஓர்மை' என்ற சொல் உண்டு. 'ஞாபகம் குறைந்துள்ளதா?' என்று கேட்பதைவிட 'ஓர்மை இருக்கா?' என்று கேட்பது பல வீடுகளில் எளிதில் விளங்கும். பாசுடன் பெயர்சொல் சோதனையில் உள்ள எசுக்கிமோப் பனிவீடு, கொறிவிலங்கு வகையான பீவர் போன்ற படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மருத்துவம் பெறுவதிலும் இம்மாவட்டம் இரு பக்கம் பார்த்து நிற்கிறது. உயர் சிகிச்சைக்கு மதுரை, சென்னை செல்வோரும் உளர். அண்மையிலுள்ள திருவனந்தபுரம் செல்வோரும் உளர். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் பி. எஸ். மதுரநாத்தும் உடனாய்வாளர்களும், கேம்பிரிட்சில் உருவான ஆடன்புரூக் அறிதிறன் சோதனையை மலையாளம் பேசுவோருக்காகத் தகவமைத்து 2004 இல் வெளியிட்டனர். எழுத்துச் சரளம் கல்வியை வலுவாகச் சார்ந்துள்ளது என்பதையும் அவர்கள் மலையாள முதியோரிடையே காட்டினர். கேரள முதியவருக்கு ஏற்ற, கவனமாகச் செய்யப்பட்ட கருவி அது. நாகர்கோவிலிலிருந்து செல்லும் தமிழருக்கு அதன் சராசரி அளவுகள் தாமாகவே பொருந்திவிடா. அதேபோல், சென்னையில் உருவாகும் தமிழ்ச் சோதனை விளவங்கோட்டு முதியவருக்கு முழுமையாகப் பொருந்தும் என்றும் கொள்ள முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கி 2020 இல் ஆய்வு முடிவுகள் வெளியான நரம்பியல் அறிதிறன் கருவித்தொகுதி, தொடக்கத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டது. தமிழ் அவ்வைந்தில் இல்லை. மாண்ட்ரீல் அறிதிறன் மதிப்பீடு போன்ற சோதனைகளுக்குத் தமிழ் வடிவங்கள் உள்ளன. ஆயினும் மொழிபெயர்ப்பு இருப்பதும், அம்மொழி பேசுவோரின் வயது, கல்வி, வட்டாரம் ஆகியவற்றுக்கேற்ற சராசரி அளவுகள் இருப்பதும் வெவ்வேறு.

குழந்தைகள்

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் கன்னியாகுமரி தமிழக மாவட்டங்களுள் முதலிடம் பெற்றது. ஆங்கிலவழிப் பள்ளிகளும் இங்கு மிகுதி. எனவே குழந்தைகளின் சிக்கல் முதியவர்களின் சிக்கலிலிருந்து வேறுபட்டது. வீட்டில் தமிழோ மலையாளமோ பேசிப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் குழந்தை வாசிப்பில் பின்தங்கினால், காரணம் கற்றல் குறைபாடா, மொழிப் பழக்கக் குறைவா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வாசிப்புக் குறைபாடு உண்மையில் இருந்தால், குழந்தை கற்கும் எல்லா மொழிகளிலும் அது ஏதேனும் ஒரு வகையில் வெளிப்படும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எழுத்துமுறைக்கேற்ப அதன் அளவு மாறுபடும்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சோதனை வேண்டும். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015 இல் இந்திய மொழிகளுக்கான வாசிப்புக் குறைபாட்டுச் சோதனையை வெளியிட்டபோது, அதன் முதல் மொழிகளாக இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவை இருந்தன. தமிழகத்தில் 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டுள்ளதால், எல்லையோர மலையாளக் குழந்தைகள் மூன்று எழுத்துமுறைகளை ஒருசேரக் கற்கின்றனர். இவர்களை எந்தக் குழந்தைகளோடு ஒப்பிடுவது என்ற வினா எளிதில் தீர்வதன்று.

இருவகைப் பிழை

சார்பினால் நேரும் பிழை ஒருபக்கமானது என்று கருதிவிடலாகாது. நலமானவர் நோயாளியாகக் காட்டப்படுவது ஒன்று. நோயாளி நலமானவராகக் காட்டப்படுவது மற்றொன்று. 'இவர் படிக்காதவர், மதிப்பெண் குறைவது இயல்பே' என்று எல்லையை மிகவும் தாழ்த்தினால், தொடக்கநிலை மறதிநோய் கண்ணுக்குத் தப்பிவிடும். சோதனையின்போது மகனோ மகளோ அருகிலிருந்து மொழிபெயர்ப்பதும் இதற்கு வழிசெய்யும். அன்பினால் அவர்கள் வினாவை எளிதாக்குகின்றனர், விடையைத் திருத்துகின்றனர்.

சென்னையிலும் வேலூரை அடுத்த ஊர்ப்புறத்திலும் களப்பணி செய்த பன்னாட்டு 10/66 மறதிநோய் ஆய்வுக்குழு இதனை எதிர்கொண்டது. உலக மறதிநோயாளிகளுள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியன என்பதைக் குழுவின் பெயர் குறிக்கிறது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் அளவுகோலைப் பயன்படுத்தியபோது இந்தியக் களங்களில் நோயாளிகள் மிகச் சிலரே கிடைத்தனர். கல்விக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பச் சீரமைத்த தங்கள் முறையைப் பயன்படுத்தியபோது எண்ணிக்கை பல மடங்காயிற்று. இம்முறையில் முதியவரிடம் கேட்கும் வினாக்களோடு, அவரை நன்கறிந்த உறவினரிடமும் தனியாக வினவப்படுகிறது. கடைக்குச் சென்று சில்லறை சரியாக வாங்குகிறாரா, பழகிய வழியை மறக்கிறாரா, சமையலில் முன்னில்லாத தவறு நேர்கிறதா என்பன போன்ற செய்திகளுக்கு எழுத்தறிவு தேவையில்லை.

இருமொழியின் நன்மை பற்றிய ஆய்வு

சுவர்ணா அல்லாடி முதலியோர் ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளிடம் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்கள். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட அவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டதால், கல்வியே காரணம் என்று தள்ளிவிட முடியவில்லை. வேறு நாட்டு ஆய்வுகள் சில இம்முடிவோடு ஒத்துப்போகவில்லை, விவாதம் தொடர்கிறது.

நடைமுறையில் கையாளப்படுபவை

சோதனையை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்லும்போது, மொழிபெயர்த்ததை மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மீண்டும் மூல மொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கமான முதற்படி. இது சொற்பிழையைக் காட்டுமேயன்றிக் கடின அளவு மாறியதைக் காட்டாது. அதற்கு ஒவ்வொரு வினாவையும் இரு குழுக்களிடமும் வைத்து, மொத்த மதிப்பெண் ஒத்தவர்களுள் ஒரு குழுவினர் மட்டும் குறிப்பிட்ட வினாவில் தவறுகின்றனரா என்று புள்ளியியல் முறையில் பார்க்க வேண்டும்.

இருமொழியாளரைச் சோதிக்கும் முன், எம்மொழியை எந்த வயதில் கற்றார், எதில் எழுதுவார், எதில் கணக்கிடுவார், இப்போது வீட்டில் எதைப் பேசுகிறார் என்று கேட்டுப் பதிவு செய்வது மருத்துவ உளவியலாளரிடையே பரிந்துரைக்கப்படும் நடைமுறை. இரு மொழியிலும் சோதித்து உயர்ந்த மதிப்பெண்ணைக் கொள்வோரும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை சோதிக்கும்போது பழக்கத்தால் மதிப்பெண் சற்றுக் கூடுவதால், அதனையும் கழித்துப் பார்க்க வேண்டியுள்ளது. ஒருவரை ஓராண்டு இடைவெளியில் அதே மொழியில் மீண்டும் சோதித்து, அவரை அவரோடே ஒப்பிடும் முறையில் இச்சிக்கல்கள் பெருமளவு குறைகின்றன. அதற்கு முதல் சோதனை எந்த மொழியில், எந்த வழக்குச் சொற்களை ஏற்று நடத்தப்பட்டது என்பது கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.